தன்மதிப்பும் ஐயுறவும்: உரூசோவின் வாழ்வை முன்னிட்டு ஓர் ஆய்வு

தன்னைத் தாழ்வாக மதிப்பவன் பிறரை நம்பான் என்பது பொதுவாக வழங்கும் ஒரு கருத்தாகும். தன்னிடத்துப் போற்றத்தக்கது யாதுமில்லை என எண்ணியிருப்பவன், பிறர் தன்னைப் போற்றுங்கால் அதனை நடிப்பென்றே கொள்வான். எனவே ஐயுறவு தாழ்வுணர்ச்சியிற் பிறப்பது என்பர் ஒரு சாரார். இதற்கு மறுதலையாக, தன்னை மிகையாக மதிப்பவனே தான் எதிர்பார்த்த சிறப்புக் கிட்டாதவிடத்துப் பிறருடைய பொறாமையையும் சூழ்ச்சியையும் அதற்குக் காரணமாகக் காட்டுவான். எனவே ஐயுறவு செருக்கிற் பிறப்பது என்பர் மற்றொரு சாரார். இரு கட்சிக்கும் எடுத்துக்காட்டுக்கள் எளிதிற் கிடைக்கின்றன. ஒன்றற்கொன்று முரணான இரு காரணங்கள் ஒரே காரியத்தை விளைத்தல் எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

ஐயம் முழுவதும் குற்றமன்று என்பதை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும். திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்து, ஒருவனை ஆராய்ந்து பின்னரே நம்பவேண்டும் என்றார். ஆராயாது நம்புதலையும், நம்பியபின் ஐயுறுதலையும் ஒருங்கே துன்பத்துக்கு ஏதுக்களாக அவர் வைத்தமை கருதத்தக்கது. ஆராய்ச்சிக்கு முன்னிற்கும் ஐயம் அறிவின்பாற்படும். ஆராய்ச்சியால் தீராத ஐயமே நோயின்பாற்படும். தனக்கு மாறான சான்று கிடைக்குந்தோறும் அச்சான்றையே தனக்கு உணவாக்கிக்கொண்டு வளர்வது அதன் இயல்பு.

தன்மதிப்பு என்பதற்கு உளநூலார் தந்த விளக்கங்களுட் பழையதும் சுருக்கமானதும் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890 இல் வெளியிட்ட நூலிற் காணப்படுவதாகும். ஒருவன் எய்திய வெற்றியை அவன் கொண்ட வேட்கையால் வகுக்க வரும் ஈவே அவனது தன்மதிப்பு என அவர் கணக்கு வடிவிற் கூறினார். வெற்றியைப் பெருக்கியோ வேட்கையைச் சுருக்கியோ அதனை உயர்த்தலாம். அழகிய சூத்திரமே; ஆயின், வெற்றி எது என்று தீர்ப்பவர் யார் என்பதை அது விளக்கமாகக் கூறவில்லை. தீர்ப்பவர் பிறராயின் மதிப்பின் திறவுகோலும் பிறர் கையிலேயே உள்ளது. திறவுகோலைப் பிறரிடம் கொடுத்தவன் அவர் கையையே இமையாது பார்த்துக்கொண்டிருப்பான் என்பது எதிர்பார்க்கத்தக்கதே.

இந்நுட்பத்தை ஜேம்ஸுக்கு 135 ஆண்டுகளுக்கு முன்னரே தெளிவுற உரைத்தவர் சான் சாக் உரூசோ. மாந்தரிடையே சமமின்மை தோன்றியவாற்றை ஆராய்ந்து 1755 இல் அவர் வெளியிட்ட நூலில் இருவகைத் தற்காதலை வேறுபடுத்தினார். ஒன்று, ஒவ்வோர் உயிரும் தன்னைப் பேணிக்கொள்ளுதற்கு இயற்கை அளித்த தன்னன்பு. இதற்குப் பிறர் வேண்டுவதில்லை. மற்றொன்று, மனிதர் ஒருவரையொருவர் நோக்கவும் தம்மைப் பிறர் நோக்கவேண்டுமென விரும்பவும் தொடங்கிய பின்னர்ப் பிறந்த ஒப்புநோக்குத் தற்காதல். இது பிறரினும் மேம்பட நிற்றலை அவாவுவதோடு, அவர்களும் அம்மேம்பாட்டை ஒப்பவேண்டுமென எதிர்பார்க்கும். முன்னது நிறைவெய்தக் கூடியது. பின்னது ஒருபோதும் நிறைவெய்தாது. இவ்வளவு தெளிவாக நோயின் மூலத்தைக் கண்டவரே அந்நோய்க்கு இரையானார் என்பதனாற்றான், உரூசோவின் வாழ்வு இவ்வாராய்ச்சிக்கு வேறெந்த வரலாற்றினும் சிறந்த சான்றாகின்றது. 'எமீல்' என்னும் கல்வி நூலின் ஆசிரியராகவே அவரை அறிந்த ஆசிரிய உலகம் அவரது இப்பக்கத்தையும் அறிதல் தகும்.

உரூசோவின் ஐயங்கள் வெறும் கற்பனை என்று ஒதுக்குதல் நேர்மையன்று. 1762 இல் எமீலும் 'சமுதாய ஒப்பந்தமும்' வெளிவந்தவுடன் பாரிசு நீதிமன்றம் அவரைச் சிறைப்படுத்துமாறு ஆணையிட்டது. அவர் பிறந்த ஜெனீவா நகரமே அவ்விரு நூல்களையும் தீயிலிட்டது. பிரசிய மன்னன் பிரெடரிக்கின் ஆளுகைக்குட்பட்ட மோத்தியே என்னும் சிற்றூரிற் புகலடைந்தார். 1765 செப்தெம்பரில் ஓரிரவு அவ்வீட்டின்மேற் கற்கள் எறியப்பட்டன. அங்கிருந்து சென் பியேர்த் தீவுக்குச் சென்றார். சில வாரங்களில் பேண் அரசினர் அங்கிருந்தும் வெளியேற்றினர். மூன்றாண்டுகளில் இத்தனை வாயில்கள் அடைக்கப்பட்ட ஒருவர் நான்காவது வாயிலை ஐயத்தோடு நோக்கினார் எனின், அதனைப் பித்தென்று எவரும் கூறார்.

ஆயினும், உண்மையான பகைவர் பலர் இருந்தமையால் ஐயம் செம்மையான வழியிற் சென்றது என்றும் கூறமுடியாது. 1764 இன் இறுதியில் ஜெனீவாவில் ஒரு துண்டுப்பிரசுரம் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. உரூசோ தமக்குப் பிறந்த குழந்தைகளைக் கைவிட்ட செய்தியை அது ஊரறியச் செய்தது. குழந்தைகள் ஐவரையும் பாரிசிலுள்ள கைவிடப்பட்ட சிறார் இல்லத்திற் சேர்த்தமை உண்மையே. பிள்ளை வளர்ப்புக்கு உலகப் புகழ்பெற்ற நூல் எழுதியவருக்கு இதனினும் பெரிய நாணம் வேறில்லை. அதனை எழுதியவர் வோல்தேயர். உரூசோவோ வேண் என்னும் சமயகுருவே எழுதினார் எனத் துணிந்தார். அவர் மறுத்துரைத்தும் துணிபை மாற்றிலர். நாணம் தைத்த இடத்தில் அறிவு குருடாதல் இங்கே முதன்முறையாக வெளிப்படுகின்றது. உள்ளம் பகைவனைத் தேடுவது உண்மை அறிதற்பொருட்டன்று. வலிக்கு ஒரு முகம் வேண்டும் என்பதற்காகவே.

இந்நிலையிற் புகலளிக்க முன்வந்தவர் ஸ்கொத்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம். பாரிசு மக்களால் 'நல்ல டேவிட்' என அழைக்கப்பட்டவர். சினமறியாதவர் எனப் பெயர் பெற்றவர். இருவரும் ஏறத்தாழ ஒத்த வயதினர். 1766 யனவரித் தொடக்கத்திற் பாரிசிலிருந்து புறப்பட்டு அம்மாதம் 13 ஆந் திகதி இலண்டன் சேர்ந்தனர். வழியில் ஒரு சத்திரத்தில் இருவரும் ஒரே அறையில் துயின்ற இரவு, ஹியூம் உறக்கத்தில் உரூசோவைத் தாம் பிடித்துவிட்டதாகப் பலமுறை பிரெஞ்சிற் கூவினார் என்று உரூசோ பின்னர் எழுதினார். உறங்கியவர் உண்மையில் அவ்வாறு கூவினாரா, விழித்திருந்தவர் கனவு கண்டாரா என்பது தீர்க்கமுடியாத வழக்கு. கூவினாரெனினும், அரிய நண்பர் ஒருவரைப் பெற்ற மகிழ்ச்சியும் அச்சொற்களால் வெளிப்படலாமன்றோ? அன்று அதனைப் பெரிதாக எண்ணாத உரூசோ, சில திங்கள் கழிந்தபின் அதற்கு வேறு பொருள் கண்டார். ஐயுறவு பழைய நினைவுகளையும் புதிய கண்ணாற் படிக்கவல்லது.

இலண்டன் வாழ்வை விரும்பாத உரூசோவுக்கு ஸ்ரபோட்சயரிலுள்ள வூட்டன் என்னுமிடத்தில் றிச்சட் டேவன்போட் என்னும் செல்வர் தமது மாளிகையைக் கொடுக்க இசைந்தார். இலவசமாக எதனையும் ஏற்கார் என்பது தெரிந்து ஆண்டுக்கு 30 பவுண் பெற்றுக்கொள்ள ஒப்பினார். பயணச் செலவையும் குறைக்க எண்ணி, வூட்டனுக்கு வெறுமனே திரும்பிச் செல்லும் வண்டி ஒன்று உண்டு என ஒரு சிறு பொய் சொல்லி, தாமே அதனை ஏற்பாடு செய்தார். அன்பினாற் சொன்ன இப்பொய் உரூசோவுக்குப் புலப்பட்டுவிட்டது. 1766 மார்ச் 18 ஆந் திகதி மாலை, பயணத்துக்கு முந்திய இரவு, அவர் ஹியூமையும் இதற்கு உடந்தை எனக் குற்றஞ்சாட்டினார். தம்மை வறியவனாகவும் குழந்தையாகவும் நடத்துகின்றனர் என்பது அவர் மனக்குறை. பின்னர் நெடுநேரம் வாளாவிருந்தார். திடீரென எழுந்து ஹியூமின் மடியில் அமர்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணீர் சொரிந்து மன்னிப்புக் கேட்டார். இது ஹியூம் கூறும் வரலாறு.

உரூசோ கூறும் வரலாறு வேறு. வண்டி அங்கே முதன்மை பெறவில்லை. கணப்பருகே அமர்ந்திருந்த ஹியூம் தம்மை நெடுநேரம் அசையாது உற்றுநோக்கினார். அப்பார்வை தம்மை நடுங்கச் செய்தது. இத்தகைய நல்லவரை ஐயுற்றோமே என்ற கழிவிரக்கம் உடனே எழுந்தது. ஓடிச்சென்று தழுவி, ஹியூம் துரோகியல்லர் எனக் கதறினார். ஹியூம் செய்தது யாது? முதுகைத் தட்டிக்கொடுத்து, 'என் அன்பரே' என ஓரிரு சொற் கூறினார், அவ்வளவே. என்ன ஐயம், யாது காரணம் என ஒரு வினாவும் கேட்டிலர். குற்றமற்றவர் கேளாதிருப்பரோ என்பது உரூசோவின் தருக்கம். உணர்ச்சியை வெளிக்காட்டிப் பழகாத ஒரு ஸ்கொத்லாந்தர், மடியில் அமர்ந்து அழும் ஐம்பத்துமூன்று வயதினரிடம் வேறென்ன சொல்லியிருப்பார் என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஒரே மாலை, ஒரே அறை, இருவர், வரலாறுகள் இரண்டு.

ஏப்பிரல் மாதத் தொடக்கத்தில் இலண்டன் இதழொன்றில் ஒரு கடிதம் வெளிவந்தது. பிரசிய மன்னன் உரூசோவுக்கு எழுதியது போலப் புனையப்பட்டது அது. துன்பங்களே வேண்டுமெனின் மன்னனாகிய தான் வேண்டிய அளவு தரவல்லன் என்றும், துன்புறுத்தப்படுவதிற் பெருமை கொள்வதை அவர் நிறுத்தும் நாளில் தானும் நிறுத்துவதாகவும் அக்கடிதம் எள்ளியது. எழுதியவர் ஹொரேஸ் வோல்போல். உரூசோ பாரிசிலுள்ள தலம்பேரை ஐயுற்றார். தலம்பேர் ஹியூமின் நண்பர்; எனவே ஹியூமும் சதியிற் பங்காளி. மீண்டும் ஒருமுறை, உண்மையான தாக்குதல்; தவறான ஆள்.

இவ்வேளையில் ஹியூம் உரூசோவின்பொருட்டு மூன்றாம் ஜோர்ஜ் மன்னரிடமிருந்து ஆண்டுக்கு 100 பவுண் உதவிப்பணம் பெற முயன்றுகொண்டிருந்தார். அம்முயற்சியே நட்பை முறித்தது. யூன் 23 ஆந் திகதி உரூசோ ஒரு குறுங்கடிதம் எழுதினார். தம்மை இழிவுபடுத்தவே ஹியூம் இங்கிலாந்துக்கு அழைத்துவந்தார் என்பது அதன் சாரம். விளக்கம் கேட்ட ஹியூமுக்கு யூலை 10 ஆந் திகதி மிக நீண்ட கடிதமொன்று கிடைத்தது. சத்திரத்து உறக்கம், மார்ச் மாத மாலை, உற்றுநோக்கிய பார்வை, முதுகைத் தட்டிய கை, அஞ்சலிற் காலந்தாழ்த்த மடல்கள், செய்த உதவிகள் ஆகிய அனைத்தும் அதிற் சதியின் கண்ணிகளாகக் கோக்கப்பட்டிருந்தன. ஹியூம் முற்றிலும் மாசற்றவரென்றும் சொல்லவியலாது. உரூசோ அறியாமலே அவரது பொருள்நிலையைப் பாரிசு நண்பர் வாயிலாக உசாவிக்கொண்டிருந்தார் ஹியூம். அது நன்னோக்கமேயாயினும் நாகரிகமன்று.

ஈண்டு உளநூல் நோக்கில் முதன்மையானது ஒன்றுண்டு. உரூசோவின் ஐயத்தைக் கிளறியவை பெரும்பாலும் தீமைகளல்ல, நன்மைகளே. வண்டி, மாளிகை, உதவிப்பணம் என உதவி பெருகுந்தோறும் ஐயமும் பெருகிற்று. தன்மதிப்பு உள்ளே வேரூன்றியவனுக்கு உதவி ஓர் உதவி மட்டுமே. தன்மதிப்பைப் பிறர் கண்களில் வைத்தவனுக்கோ ஒவ்வோர் உதவியும் தன் தாழ்வை அறிவிக்கும் ஓர் அறிக்கை. அத்தாழ்வை ஏற்றுக்கொள்ளுதல் பொறுக்கவொண்ணாதது. அதனினும், உதவியவன் உட்கரவுடையவன் எனக் கொள்ளுதல் எளிது. அவ்வாறு கொண்ட மாத்திரத்தே இரந்து பெற்றவன் என்ற நிலை நீங்கி, பேரரசர்களும் பேரறிஞர்களும் கூடிச் சூழ்ச்சி செய்யுமளவு பெருமையுடையோன் என்ற நிலை வாய்க்கின்றது. முதலிற் கூறிய இரு கட்சியும் இங்கே சந்திக்கின்றன. தாழ்வுணர்ச்சி தொடங்கிவைக்க, செருக்கு முடித்துவைக்கின்றது. ஐயுறவு இரண்டுக்குமிடையே அமைந்த பாலமாகும்.

இந்நிலை இளமையிலேயே வித்திடப்பட்டதோ என ஆராய்வோருக்கு உரூசோவே தமது 'ஒப்புதல்கள்' என்னும் நூலில் இரு நிகழ்ச்சிகளை விட்டுச்சென்றார். முதலாவது, பொசே என்னும் ஊரில் லம்பெர்சியே என்னும் குருவின் வீட்டில் மாணவனாயிருந்தபோது நிகழ்ந்தது. குருவின் தங்கையாரின் சீப்பிற் பற்கள் உடைந்திருந்தன. அவ்வறையில் இருந்தவன் சிறுவன் உரூசோ ஒருவனே. தான் தொடவில்லை என எவ்வளவு கூறியும் நம்பாது கடுமையாக ஒறுத்தனர். முதுமையை அணுகிய பின்னரும் அதனை எழுதும்போது நாடி துடிக்கின்றது என்கிறார். அன்றோடு குழந்தைப் பருவத்தின் அமைதி முடிந்தது என்பது அவர் துணிபு. நேற்றுவரை அன்பு செய்த பெரியோர் முகங்கள், தான் மாறாதிருக்கவே, ஒரு நாளில் நீதிபதிகளின் முகங்களாக மாறுதலை அச்சிறுவன் கண்டான். வகுப்பறையிற் சான்றின்றிக் குற்றஞ்சாட்டும் பழக்கமுடையோர் இவ்வொரு பக்கத்தைப் படித்தல் நன்று.

இரண்டாவது நிகழ்ச்சி 1728 இல் தூரின் நகரில் நிகழ்ந்தது. பதினாறு வயதுப் பணியாளனாயிருந்த உரூசோ பழைய நாடா ஒன்றைத் திருடினான். அகப்பட்டபோது, சமையற் பணிப்பெண் மரியோன் அதனைத் தனக்குக் கொடுத்தாள் எனப் பலர் முன்னிலையிற் பொய் கூறினான். அவள் அழுதாள், ஆயினும் அவனைத் திருப்பி வையவில்லை. இருவரும் வேலையிழந்தனர். ஒறுப்பை அஞ்சி அவ்வாறு கூறவில்லை, அத்தனை கண்கள் முன்னே நாணமுறுதலை அஞ்சியே கூறினேன் என அவர் எழுதியது ஆழ்ந்து நோக்கத்தக்கது. அவர் வாழ்நாள் முழுவதும் அஞ்சிய பொய்க்குற்றச்சாட்டு அவரே ஒருமுறை செய்ததாகும். சீப்பு ஒருபுறம், நாடா மறுபுறம். அநீதிக்கு ஆளானவனும் அநீதி செய்தவனும் ஒரே உள்ளத்தில் உறைந்தனர். பிறர் தம்மை எவ்வாறு நடத்துவர் என எதிர்பார்த்தாரோ அவ்வெதிர்பார்ப்பில் இரண்டாமவனுக்கும் பங்குண்டு போலும்.

தனியொருவர் வாழ்விற் கண்டது யாவர்க்கும் பொருந்துமா என்னும் வினா இயல்பே. மொரிஸ் ரோசன்பேக் 1965 இல் வெளியிட்ட பத்துக் கூற்றுக்கள் கொண்ட அளவுகோல் தன்மதிப்பை எண்ணால் அளக்க வழிசெய்தது. அதன்பின் இருவகை விளக்கங்கள் போட்டியிட்டன. றிச்சட் பென்றல் முதலியோர், ஐயுறவு தன்மதிப்பைக் காக்கும் கேடயம் என்றனர். டானியல் பிறீமன் முதலியோர், தாழ்ந்த தன்மதிப்பு நேராகவே ஐயுறவிற் பிரதிபலிக்கிறது என்றனர். 1995 இல் றோவர், சட்விக் என்போர் ஐயுறுவோரையே இரு கூறாக்கினர்: நானோ குற்றமற்றவன், என்னை வீணே வருத்துகின்றனர் என்போர் ஒருசார், நான் தீயவன், ஆதலின் என்னை ஒறுக்கின்றனர் என்போர் மறுசார். உரூசோவை முதற் கூற்றில் வைக்கத் தோன்றும். கைவிட்ட குழந்தைகளை நினைந்து அவர் எழுதிய பக்கங்களைப் படித்தபின் அத்துணிவு தளரும்.

இருபத்தோராம் நூற்றாண்டின் சோதனைகள் இன்னும் நுட்பமானவை. 2008 இல் பிறீமனும் துணைவரும் பொதுமக்கள் 200 பேரைத் தெரிந்து, கண்களை மறைக்கும் கருவியை அணிவித்து, கணனியாற் படைக்கப்பட்ட இலண்டன் நிலக்கீழ்ப் புகையிரதமொன்றில் நான்கு நிமிடம் செல்லவைத்தனர். அதிலிருந்த பயணிகள் அனைவரும் நன்மையோ தீமையோ காட்டாத வெற்றுருவங்கள். ஆயினும் ஏறத்தாழ நாற்பது வீதத்தினர், யாரோ தம்மை முறைத்தனர், தமக்குத் தீங்கெண்ணினர் என்றவாறான எண்ணம் ஒன்றேனும் கொண்டனர். கணப்பருகே ஹியூமின் பார்வையில் உரூசோ கண்டதைப் படைப்புருவங்களின் பார்வையில் இவர்கள் கண்டனர்.

2014 இல் வெளிவந்த சோதனை ஈண்டைப் பொருளுக்கு மிக நெருங்கியது. ஐயுறும் இயல்பு ஓரளவுடைய 60 பெண்கள் அவ்வாறே புகையிரதத்தில் இருமுறை சென்றனர். ஒருமுறை தம் இயல்பான உயரத்தில், மற்றொருமுறை ஒரு தலையளவு, அதாவது ஏறத்தாழ 25 சதமமீற்றர், குறைக்கப்பட்ட உயரத்தில். வேறொன்றும் மாற்றப்படவில்லை. உயரம் குறைந்தபோது அவர்கள் தம்மைப் பிறரினும் தாழ்ந்தோராக மதித்தனர். அதே பயணிகள் பகைமையோடு நோக்குவதாகவும் கூறினர். ஐயத்தின் மிகுதி முழுவதையும் ஒப்புநோக்கில் ஏற்பட்ட தாழ்வே விளக்கிற்று. ஒப்புநோக்குத் தற்காதல் என உரூசோ 1755 இற் பெயரிட்டது இங்கே அளவிடப்பட்டதாயிற்று. அதேபோல் நெதர்லாந்திலே தெவிசன் முதலியோர் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், பங்குபற்றினோர் தம் உளநிலையை அன்றாட வாழ்வினிடையே நாளொன்றுக்குப் பலமுறை குறித்துவந்தனர். ஐயுறவு மிக்கோரின் தன்மதிப்புத் தாழ்ந்திருந்தது மட்டுமன்று. அது கணந்தோறும் ஏறியிறங்கியது. அது இறங்கும் வேளைகளில் ஐயம் ஏறியது. ஆகவே தன்மதிப்பின் அளவினும் அதன் நிலையின்மையையே மிகுதியும் கருதவேண்டியுள்ளது.

நிலையின்மை உரூசோவுக்கு மட்டும் உரியதன்று. யூலைக் கடிதம் கிடைத்தபின் 'நல்ல டேவிட்' தாமும் நிலைகுலைந்தார். உரூசோ தம் வாழ்க்கை வரலாற்றில் தம்மைக் கரியவராகத் தீட்டிவிடுவார் என அஞ்சினார். பொறுமையாயிருக்குமாறும் எதனையும் வெளியிடாதிருக்குமாறும் அடம் சிமித் அறிவுரை கூறினார். ஹியூம் கேட்கவில்லை, அவ்வாண்டு ஒக்தோபரிலே பாரிசிலும் அடுத்த மாதம் இலண்டனிலும் கடிதங்கள் அச்சேறின. மூலக்கடிதங்களைப் பிரித்தானிய நூதனசாலையில் வைப்பிலிட முயன்றார். நூதனசாலையினர் ஏற்க மறுத்தனர்.

1767 மே மாதத் தொடக்கத்தில் உரூசோ வூட்டனைவிட்டுச் சடுதியாக வெளியேறினார். டோவர் செல்லத் தமக்குக் காவல் வேண்டுமென இடைவழியிலிருந்து இங்கிலாந்தின் நீதித்துறைத் தலைமை அமைச்சருக்கு விண்ணப்பித்தார். காவலின்றியே கடல் கடந்தார், எவரும் தடுக்கவில்லை. பாரிசு திரும்பியபின் தம்மைத் தாமே வழக்காளியாகவும் நீதிபதியாகவும் நிறுத்தி உரையாடல் வடிவில் ஒரு நூல் எழுதினார். மனிதரை நம்பாது அதனை நோத்திரு தாம் பேராலயத்தின் பீடத்தில் வைக்க 1776 பெப்ரவரி 24 ஆந் திகதி சென்றார். பீடத்தைச் சூழ்ந்த இரும்புக் கிராதி பூட்டப்பட்டிருந்தது. நீதியையும் உண்மையையும் இன்னும் நேசிக்கும் பிரெஞ்சுக்காரர் அனைவருக்கும் என முகவரியிட்ட துண்டுத்தாள்களைப் பின்னர் வீதியில் வழங்கினார். முகவரியைப் படித்த பலர், இது தமக்கு எழுதப்பட்டதன்று எனக் கூறித் திருப்பிக்கொடுத்தனர்.

அவ்வாண்டு இலையுதிர்காலத்தில், தனியே உலாவும்போது எழுந்த எண்ணங்களை எழுதத் தொடங்கினார். எட்டாம் உலாவில், தம்மை இத்தனை காலம் வருத்தியது மனிதரின் செயலினும் தம் ஒப்புநோக்குத் தற்காதலே என ஒப்புக்கொள்கின்றார். ஆயினும் ஒருவர் முகத்தில் ஒரு கடும்பார்வையைக் காணின் அக்கணமே உள்ளம் கலங்குகின்றது என்றும், அம்முகம் மறைந்து ஊர்ப்புறத்து வெளியை அடைந்தாற்றான் மூச்சு வருகின்றது என்றும் அங்கேயே எழுதுகின்றார். செடிகொடிகளைத் திரட்டுவதில் அவர் பொழுது கழிந்தது. 1778 யூலை 2 ஆந் திகதி எர்மெனொன்வில் என்னுமிடத்திற் காலமானார். பத்தாம் உலா எழுதி முடிக்கப்படவில்லை.